லாங்டேல் பள்ளத்தாக்கில் ஒரு பப், ஒரு கிழட்டு ஆடு

இங்கிலாந்தில் கிராமத்துப் பக்கம் ஒரு பப்பில் சாப்பிட உட்கார்ந்து, ஆசையாகப் பார்த்து வைத்த ஒன்றைக் கேட்கும்போது "அது தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். என்னைக் கேட்டால் அது நல்ல கடை என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். வருடம் முழுக்க எல்லாமே கிடைக்கிறது என்றால் அந்தச் சமையலறை ஏதோ ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கிலிருந்து வாங்குகிறது. பக்கத்துப் பண்ணையில் முழு ஆடாக வாங்கி வெட்டிச் சமைக்கிற இடத்தில் தொடைக்கறி தீரத்தான் செய்யும், ஆட்டுக்குப் பின்னங்கால் இரண்டுதானே.

மெனுவில் "உள்ளூர்ப் பொருட்கள்" என்று போட்டுக்கொள்ள இங்கே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எத்தனை மைலுக்குள் விளைந்தால் உள்ளூர் என்று சட்டத்தில் வரையறை கிடையாது. அதனால் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கடைகள்கூட இந்த வார்த்தையைத் தாராளமாகப் போட்டுக்கொள்கின்றன. நான் தேடுவது பண்ணையின் பெயரை. பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கலாம், எந்த மலை, என்ன ஆடு, எத்தனை வயது என்று. கேட்டதற்கு மறுபடி சமையலறைக்குள் போய்த் தலையைச் சொறியாமல் பதில் சொன்னார்கள் என்றால் தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம்.

அக்டோபர் கடைசியில், இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளுமாக இருக்கிற லேக் டிஸ்ட்ரிக்ட் போயிருந்தோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார். மான்செஸ்டரிலிருந்து ஆம்பிள்சைட் போய், அங்கிருந்து மேற்கே கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்குக்குள் திரும்பினால் சாலை ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சுருங்கிவிடும். இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள். மலைச்சரிவில் பெரணிச் செடி எல்லாம் காய்ந்து துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு பப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் போடவில்லை, காரணம் இதுதான்: நான் சொல்லப் போவது அந்த ஒரு கடைக்கு மட்டும் பொருந்துவதில்லை. லேக் டிஸ்ட்ரிக்ட் அடங்கிய கம்ப்ரியா வட்டாரத்தில் இப்படி நடத்துகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மாமா காங்கேயம் பக்கத்துக்காரர். கொறங்காடு என்கிற, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் செம்மறி மேய்த்து வளர்ந்தவர். வண்டியில் வரும்போதே அவர் கண் மலை மேல்தான் இருந்தது. கீழே வயல்களுக்குக் கல்சுவர் இருக்கிறது, மேலே ஏற ஏற ஒன்றுமே இல்லை, திறந்த மலை, அதில் அங்கங்கே சாம்பல் நிறப் புள்ளிகளாக ஆடுகள்.

"ஏனுங் மாப்ள, மேல வேலியே காணமே. இவனுக ஆடு அடுத்தவன் மலைக்குப் போயிடாதுங்களா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த ஆடுகள் ஹெர்ட்விக் இனம். பிறக்கும்போது குட்டி கன்னங்கரேல் என்று இருக்கும், வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகும், முகம் வெளுத்துப் பனி விழுந்தது போல ஆகிவிடும். தாய் ஆடு எந்தச் சரிவில் மேய்கிறதோ அதையே குட்டி கற்றுக்கொள்கிறது, அது தாயானதும் தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. இதைத்தான் ஹெஃப்டிங் என்கிறார்கள். வேலி மலையில் இல்லை, ஆட்டின் தலைக்குள் இருக்கிறது. அதனால் பண்ணையை விற்கும்போது பல இடங்களில் மந்தையையும் சேர்த்தே கைமாற்றுகிறார்கள், ஆட்டை மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு போனால் அந்த மலை காலியாகிவிடும், புது ஆடு வந்து பழக வருடக்கணக்காகும்.

2001இல் கோமாரி நோய் பரவியபோது இதுதான் பெரிய பயமாக இருந்தது. பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொன்றார்கள். நோய் உறுதியான 2,000 சொச்சம் இடங்களில் ஏறக்குறைய 900 கம்ப்ரியாவில் மட்டும். ஹெர்ட்விக் இனத்தின் பெரும்பகுதி இந்தச் சில பள்ளத்தாக்குகளுக்குள்ளேயே இருப்பதால், நோய் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியிருந்தால் இனமே முடிந்திருக்கும். அந்த வருடத்துக்குப் பிறகுதான் இங்கே நிறைய பப்காரர்கள் பக்கத்துப் பண்ணைகளைத் தேடிப் போனார்கள் என்று பப்பை நடத்துகிற அம்மா சொன்னார். நடைபாதைகளை எல்லாம் மூடிவிட்டதால் மலையேற வருகிறவர்கள் யாரும் வரவில்லை, பப்பும் காலி, பண்ணையும் காலி. இரண்டு பேரும் ஒரே குழியில் விழுந்தவர்கள், அதனால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம் என்றார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் கறுப்புக் கல் தரை, விறகு எரிகிற அடுப்பு, அதன் முன்னால் நனைந்த நாய் ஒன்று. மலை இறங்கி வருகிறவர்கள் சேற்றுக் காலணியோடு வரலாம், நாயும் வரலாம், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. பப்பில் யாரும் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள் என்பது புதிதாக வருகிற நம்மவர்களுக்கு எப்போதும் குழப்பம். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாருக்குப் போய், சொல்லி, காசு கொடுத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். மெனு அச்சடித்த அட்டை இல்லை, கரும்பலகை. எட்டோ ஒன்பதோ வரிகள், அதிலேயே இரண்டைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

முதலில் மோர்கம்ப் வளைகுடாவின் பழுப்பு இறால் வாங்கினோம். விரல் நகத்தைவிடச் சின்னது. கடல் பின்வாங்கியதும் மணல்வெளியில் டிராக்டரை ஓட்டி, பின்னால் வலையை இழுத்துப் பிடிக்கிறார்கள், ஒரு காலத்தில் குதிரை வண்டி. வேகவைத்து, உரித்து, ஜாதிபத்திரி போட்டு உருக்கிய வெண்ணெயில் ஊறவைத்து, சின்னக் கிண்ணத்தில் இறுக விட்டுக் கொடுக்கிறார்கள். சூடான டோஸ்ட் மேல் வைத்ததும் வெண்ணெய் உருகும், ஜாதிபத்திரி வாசம் மேலே வரும். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு "இதுல நம்ம பிரியாணி வாசம் அடிக்குது" என்றாள். உண்மைதான், அந்த வாசத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு மேற்கே கடலோரத்தில் வைட்ஹேவன் என்று ஒரு துறைமுகம் உண்டு. இப்போது அமைதியான ஊர். 18ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் முக்கியமான துறைமுகங்களில் ஒன்று, வர்ஜீனியாப் புகையிலையும் கரீபியச் சர்க்கரையும் ரம்மும் அங்கே வந்து இறங்கின. மிளகு, இஞ்சி, ஜாதிக்காய் எல்லாம் இந்த மலைக் கிராமங்களின் அடுப்படிக்கு வந்த வழி அது. கம்பர்லாந்து சாஸேஜில் மிளகு தூக்கலாக இருப்பதற்கும், இங்கே ரம் கலந்த வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்பதற்கும், பேரீச்சையும் இஞ்சியும் ரம்மும் போட்ட ரம் நிக்கி என்கிற பலகாரத்துக்கும் காரணமாக அந்தத் துறைமுகத்தைத்தான் சொல்வார்கள். அந்தச் சர்க்கரையும் ரம்மும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை, வைட்ஹேவனிலிருந்தே அடிமை வணிகத்துக்கும் கப்பல்கள் போயிருக்கின்றன. உள்ளூர்ச் சமையலைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆடும் இறாலும் இந்த மண்ணுடையவை, மணம் மட்டும் கடல் தாண்டி வந்தது, அது எப்படி வந்தது என்பதை மறைத்தால் பாதிக் கதைதான்.

மனைவிக்குக் கம்பர்லாந்து சாஸேஜ். மற்ற சாஸேஜ் போல முடிச்சு முடிச்சாக இருக்காது, ஒரே நீளமாகப் போட்டுச் சுருட்டி வைத்திருப்பார்கள். 2011இல் "ட்ரெடிஷனல் கம்பர்லாந்து சாஸேஜ்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயரில் விற்க வேண்டும் என்றால் 80 சதவீதமாவது இறைச்சி இருக்க வேண்டும், கம்ப்ரியாவில் செய்திருக்க வேண்டும். கொரகொரப்பாக அரைத்த பன்றிக்கறி, கடித்தால் கறியைக் கடிக்கிற உணர்வு இருக்கிறது. கூடவே லித் பள்ளத்தாக்கு டாம்சன் பழத்தில் செய்த சட்னி. டாம்சன் என்றால் சின்ன, கருநீலப் புளிப்புப் பிளம். பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குத் துவர்ப்பு, சர்க்கரையோடு கொதித்ததும் வேறு பழமாக மாறிவிடுகிறது.

எனக்கும் மாமாவுக்கும் டேட்டி பாட். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. கம்ப்ரியாவின் சொந்தச் சமையல் என்று ஒன்றே ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். எலும்போடு இருக்கிற கழுத்துக்கறி, தோள்கறி, வெங்காயம், நடுவில் ரத்த சாஸேஜ் துண்டுகள், மேலே உருளைக்கிழங்கு, எலும்பு வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக அடுப்பில் கிடக்க வேண்டும். ரத்த சாஸேஜ் கரைந்து குழம்பைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் ஆக்கிவிடும், மேலே இருக்கிற கிழங்கு மொறுமொறு, அடியில் இருக்கிற கிழங்கு கொழுப்பைக் குடித்துக் குழைந்திருக்கும். பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். அது இல்லாமல் இந்தச் சாப்பாட்டைப் பாதிகூடத் தாண்ட முடியாது, கொழுப்பு அப்படி.

ஆர்டர் கொடுக்கிறதற்கு முன்னால் மாமா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "ஆட்டுக்கு எத்தனை பல்லுன்னு கேளுங்க மாப்ள."

கேட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் கேள்வி புரியாமல் இல்லை. இங்கேயும் பல் பார்த்துத்தான் வயது சொல்கிறார்கள். ஒரு வயதுக்குள் அறுத்தால் லாம், நிலைத்த பல் இரண்டு முளைத்தது ஹாகெட், அதற்கு மேல் போனால் மட்டன். பாரில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரைக் கையைக் காட்டினார், ஆடு அவருடையதுதான். அவர் க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து தன் பல்லைத் தொட்டுக் காட்டி, எட்டும் முளைத்த பெட்டை ஆடு, நான்கைந்து ஈற்றுப் போட்டது என்றார். மாமா தலையாட்டினார். மொழி தெரியாத இரண்டு ஆட்டுக்காரர்கள், அதற்கு மேல் நான் பெரிதாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காதில் வெட்டுக்குறி எப்படிப் போடுவது என்பதை அவர் ஒரு பீர் அட்டையில் வரைந்து காட்டினார். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு காதுக்குறி, மேல் ரோமத்தில் ஒரு சாயக்குறி, இவற்றை எல்லாம் தொகுத்து 1817 முதல் புத்தகமாகவே போட்டு வருகிறார்கள். வழிதவறி வந்த ஆடு யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அந்தக் கறியின் ருசியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஹெர்ட்விக் மெதுவாக வளர்கிற ஆடு, மழையிலும் காற்றிலும் மலை ஏறி இறங்கி, புல்லும் ஹெதர் செடியும் தின்று வளர்கிறது. வயதானதன் கறி கருஞ்சிவப்பாக இருக்கும். சூப்பர்மார்க்கெட் லாம் வாயில் வைத்தால் மென்மைதான், அப்புறம் ஒன்றும் நினைவில் நிற்காது. இது விழுங்கிய பிறகும் நாக்கில் இருக்கிறது. மாமா முதல் எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டு, "இது ஓடித் திரிஞ்ச ஆடுங்" என்றார். அதற்கு மேல் நான் என்ன எழுத.

இந்தக் கறியைப் பெரிய கடைகள் ஏன் வாங்குவதில்லை என்பதை அந்தப் பெரியவர் சொன்னார். ஆடு சின்னது, ஒன்று போல ஒன்று இருக்காது, வளர நாளாகும். ரோமம் முரடு, அதை விற்கிற காசு கத்தரிக்கிற கூலிக்கே போதாது. ஈற்று முடிந்த கிழட்டுப் பெட்டையை ஆங்கிலேயர்கள் அநேகமாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். 2004இல், அப்போது இளவரசராக இருந்த சார்லஸ், மட்டனை மீண்டும் மேசைக்குக் கொண்டுவர ஓர் இயக்கம் தொடங்கினார். நாட்டில் அறுக்கிற மட்டனில் பெரும் பங்கு இன்றும் நம்மைப் போன்ற தெற்காசியக் குடும்பங்கள் வாங்கும் ஹலால் கடைகளுக்குத்தான் போகிறது. பிராட்ஃபோர்டிலும் மான்செஸ்டரிலும் மட்டன் வாங்குகிற நாம்தான் ஏதோ ஒரு மலைப் பண்ணைக்குக் கிழட்டு ஆட்டின் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாமலே.

2013இல் லேக்லேண்ட் ஹெர்ட்விக் என்ற பெயருக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. கம்ப்ரியாவில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே அறுத்த ஆடாக இருந்தால்தான் அந்தப் பெயர். பெயர் கிடைத்துவிட்டால் போதுமா, வாங்க ஆள் வேண்டும். லாம் சாப்ஸ் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். கழுத்தை யார் வாங்குவது, மார்க்கண்டத்தை, ஈரலை? பக்கத்து பப் முழு ஆடாக எடுத்துக்கொண்டு, நல்ல துண்டை இரவுச் சாப்பாட்டுக்கும் மற்றதை எல்லாம் டேட்டி பாட், பை, சூப் என்றும் ஆக்கினால்தான் பண்ணைக்காரருக்குக் கணக்குக் கட்டும். உள்ளூர் உணவை ஆதரிக்கிறோம் என்று சொல்கிற பப்களில் நான் பெரிதாக மதிப்பது இந்த வேலையைத்தான். நல்ல துண்டுகளை மட்டும் உள்ளூரில் வாங்கிப் பெயர் தட்டிக்கொள்வது சுலபம். கழுத்தைச் சமைத்து, அதை இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக விற்று, வருகிறவர்களைச் சாப்பிட வைக்கச் சமையல்காரருக்குக் கை வேண்டும்.

எல்லா பப்பாலும் இதைச் செய்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே தொங்குகிற பலகையில் "ஃப்ரீ ஹவுஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய பப்கள் ஏதாவது மதுபான ஆலைக்கோ சொத்து நிறுவனத்துக்கோ சொந்தம், நடத்துகிறவர் வாடகைதாரர், அவர்கள் சொல்கிற பீரை அவர்கள் சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாதது ஃப்ரீ ஹவுஸ். பீரில் சுதந்திரம் இருக்கிறவர்தான் சாப்பாட்டிலும் தன் இஷ்டப்படி வாங்கத் துணிவார் என்பது என் அனுபவம். நான் குடித்தது கோனிஸ்டன் ஆலையின் ப்ளூபேர்ட் பிட்டர், மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுவது, 1998இல் பிரிட்டனின் சிறந்த பீர் என்று தேர்வானது. பீப்பாயிலேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கிற வகை, கையால் இழுக்கிற பம்பில் ஏற்றுவார்கள், நிலவறைக் குளுமையில்தான் தருவார்கள். ஜில்லென்று இல்லையே என்று மாமா முகம் சுளித்தார். ஆனால் திறந்த பீப்பாயை மூன்று நான்கு நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். அதனால் இதுவும் தீர்ந்துபோகிற பொருள்தான்.

ஒரு விஷயம் எனக்கு அன்று முழுக்க மனதை அறுத்துக்கொண்டிருந்தது. லாங்டேலுக்குக் கிழக்கே மார்டேல் என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே டன் புல் என்று ஒரு பப். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுற்றுவட்ட மேய்ப்பர்கள் அங்கே கூடி, வழிதவறிய ஆடுகளை உரியவரிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, பாடி, விடியவிடியக் கொண்டாடுவார்கள். 1930களில் மான்செஸ்டருக்குக் குடிநீர் வேண்டும் என்று ஹாஸ்வாட்டர் அணையைக் கட்டி ஊரையே மூழ்கடித்தார்கள், பப்பையும் தேவாலயத்தையும் இடித்தார்கள். வறட்சியான வருடங்களில் பழைய சுவர்களும் பாலமும் தண்ணீருக்கு வெளியே தெரியும். என் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான். மேய்ப்பர் கூடுவதற்கு ஒரு பப் இல்லாமல் போனால் அந்த மலையில் என்னென்ன சேர்ந்து போகும் என்பது பாரில் அந்தப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாக ஸ்டிக்கி டாஃபி புட்டிங். உல்ஸ்வாட்டர் ஏரிக்கரை ஷாரோ பே விடுதியில் பிரான்சிஸ் கவுல்சன் இதைப் பிரபலமாக்கினார், இப்போது நாடே சாப்பிடுகிறது. பேரீச்சம்பழக் கேக், மேலே சூடான சர்க்கரைப்பாகு. எனக்கு ஒரு ஸ்பூன் போதும். மாமா முழுவதையும் சாப்பிட்டார்.

குறை என்று சொன்னால் காய்கறி. சைவத்துக்கு ஒரே ஒரு வரி, அன்று பூசணிக்காய் பை. அக்டோபரில் கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும்தான் அந்த மண்ணில் கிடைக்கும் என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஆட்டின் கழுத்துக்குக் காட்டுகிற அக்கறையை ஒரு டர்னிப்புக்கும் காட்டலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களை அழைத்துப் போனால் முன்னாலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள், சொன்னால் ஏதாவது செய்து தருகிறார்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஞாயிறு மதியம் ரோஸ்ட் நாள், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், அன்று டேட்டி பாட் இருக்காது. பல கிராமத்து பப்களில் மதியச் சமையல் இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மலை ஏறிவிட்டுச் சாவகாசமாக இறங்கி வந்தால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். வண்டி ஓட்டுகிறவரும் ஒரு பைன்ட் குடிக்க ஆசைப்பட்டால் ஆம்பிள்சைட்டிலிருந்து 516ஆம் எண் பேருந்து பள்ளத்தாக்குக்குள் போகிறது, கடைசி வண்டி நேரத்தை மட்டும் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.